மதன்குமாரின் வில்லை

யுவராணிக்கு ஒன்பது வயது. ஒரே ஒரு நாளைக்கு அவள் தன் அண்ணனாக இருக்க வேண்டும் என்று அப்பா கேட்டுக்கொண்டபோது, ஏன் எதற்கு என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடலை மிட்டாய் கொடுத்தாலே ஒன்பது கேள்வி கேட்கிற பிள்ளை அது. அன்றைக்குத் தலையை மட்டும் ஆட்டினாள். நாலு மாதத்தில் அப்பா அவள் முகத்தைப் பார்த்து முழுசாகப் பேசிய முதல் பேச்சு அதுதான். கேள்வி கேட்டு அதைக் கெடுத்துக்கொள்ள அவளுக்கு மனமில்லை.

அண்ணன் மதன்குமார் சித்திரையில் இறந்துபோனான். பதினோரு வயது, மூளைக் காய்ச்சல், மதுரை ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். நாம் இதை ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறோம். அவன் அப்பா சுரேஷ்கண்ணனால் முடியவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார், அதோடு சரி. பிள்ளை இறந்துவிட்டான் என்று அவர் வாய் திறந்து இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

யுவராணியின் பெயரும் அவர் வாயில் வருவதில்லை. அதற்குக் காரணம் இருந்தது, அவளுக்குத்தான் தெரியாது. ஓடைப்பட்டியில் அவர்களுக்கு ஒரு ஏக்கர் திராட்சைத் தோட்டம். பந்தலுக்குள்ளிருந்து இரண்டு பிள்ளைகளையும் அவர் எப்போதும் ஒரே மூச்சில்தான் கூப்பிடுவார். "மதனூ... ராணீ..." என்று வீடுவரை கேட்கும். முன் பாதி இல்லாமல் பின் பாதியை எடுக்க நாக்கு புரளவில்லை. 'ஏ பிள்ள', 'இந்தாத்தா' என்று சமாளித்துக்கொண்டிருந்தார். யுவராணி வேறு கணக்குப் போட்டிருந்தாள். அண்ணன் இறந்ததற்குத் தான்தான் காரணம், அது அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டேன் என்கிறார் என்று நினைத்தாள்.

அந்த நினைப்பு சும்மா வரவில்லை. மதன் ஆஸ்பத்திரியில் கிடந்த ஏழாம் நாள், அம்மா நாகஜோதி மதுரையிலிருந்து பஸ் ஏறி வந்து, பக்கத்து வீட்டில் விட்டிருந்த யுவராணியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குச்சனூர் கோயிலுக்குப் போனாள். வழக்கமாக எல்லாரும் எப்படி நேர்ந்துகொள்வார்கள்? பிள்ளை பிழைத்து வீடு வந்து சேரட்டும், முடி இறக்குகிறேன் என்பார்கள். நாகஜோதிக்கு அந்த வரிசையில் நம்பிக்கை போய்விட்டது. முதலிலேயே கொடுத்துவிட்டால் அப்புறம் சாமி எந்த முகத்தோடு இல்லை என்று சொல்லும் என்று நினைத்தாள். பக்கத்து வீட்டுச் சுருளியம்மாள் தெருவரைக்கும் வந்து, "அப்படிச் செய்யக்கூடாதுடி, ஆளு வந்த பெறகுதான் முடி" என்று தடுத்துப் பார்த்தாள். யார் கேட்டார்கள்? அந்த வீட்டில் இருந்ததிலேயே அருமையானது யுவராணியின் முடி. இடுப்புக்குக் கீழே தொங்கும். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

யுவராணி சும்மா கொடுக்கவில்லை. மழிப்பவர் முன்னால் உட்கார்ந்து ஊரே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். "அண்ணனுக்கு வேணும்னா அண்ணன் முடிய எடுங்க!" என்று கையைக் காலை உதறினாள். இரண்டு நாள் கழித்து மதன் இறந்தான். தான் கத்தியது சாமி காதில் விழுந்துவிட்டது என்று அவள் முடிவு செய்துகொண்டாள். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் யாராவது ஒரு பெரியவர் திட்டியாவது அந்த எண்ணத்தை விரட்டியிருப்பார்.

இனி ரயிலுக்கு வருவோம். தேனிக்கும் போடிக்கும் நடுவே ஐந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் பழைய நீராவி எஞ்சின் பூட்டிய ரயில் ஓடப் போகிறது என்று பங்குனியிலேயே பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். எஞ்சினைக் கொட்டகைக்குள் வந்து பார்க்க ஆசைப்படுகிற பிள்ளைகள் ஒரே ஒரு கேள்வியைத் தபால் அட்டையில் எழுதி அனுப்ப வேண்டும். நல்ல கேள்வியாக ஐந்து எடுத்து, வாரத்துக்கு ஒரு பிள்ளையைக் கூப்பிடுவார்கள். 'எஞ்சினுக்குப் பசிக்குமா' என்று யுவராணி எழுதிப் போட்டாள். அதை ஒருவரும் சட்டை செய்யவில்லை. மதன் என்ன எழுதினான் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. கையால் மறைத்துக்கொண்டு எழுதினான், அவனே போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தான். பத்து நாளில் காய்ச்சல் வந்துவிட்டது.

எஞ்சின் வந்து சேரத் தாமதமாகி, ஆவணி மாதம் கடிதம் வந்தது. 'செல்வன் மதன்குமார், உடன் பாதுகாவலர் ஒருவர்' என்று போட்டிருந்தது. வேறு ஆளுக்கு அனுமதி இல்லை என்றும் அடியில் போட்டிருந்தது. மறுநாள் போனும் வந்தது.

"மதன்குமாரோட அப்பாங்களா?"

"ஆமாங்க."

"சனிக்கிழம பத்து மணிக்குத் தம்பியக் கூட்டிட்டு வந்துருவீங்களா சார்?"

அப்பா போனைக் காதில் வைத்தபடி பந்தல் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார். யுவராணி கீழே உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்ன சொல்லப் போகிறார் என்று அவளும் காத்திருந்தாள். முடியாது என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் அதைச் சொல்ல வேண்டும்.

"வந்துருவோம்ங்க" என்றார் அப்பா.

சனிக்கிழமை காலையில் கொடிக்கு மருந்து வாங்கத் தேனிக்குப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு இருவரும் கிளம்பினார்கள். பிள்ளை எதற்கு என்று அம்மா கேட்கவில்லை. அவள் எதையும் கேட்பதை விட்டு நாலு மாதம் ஆகிறது. அப்பா கையில் ஒரு அட்டைப்பெட்டி நிறையப் பன்னீர் திராட்சை இருந்தது, தோளில் ஒரு துணிப்பை தொங்கியது. தேனி ஸ்டேஷன் குளியலறையில் யுவராணி கவுனைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, பைக்குள்ளிருந்த மதனின் நீலக் கட்டம் போட்ட சட்டையையும் கால்சட்டையையும் போட்டுக்கொண்டாள். தலையில் முடி இரண்டு விரற்கடைதான் வளர்ந்திருந்தது. அவள் வெளியே வந்ததும் அப்பா பார்த்தார். உடனே செருப்பு வாரைச் சரி செய்வதுபோலக் கீழே குனிந்துகொண்டார். வாரில் ஒரு கோளாறும் இல்லை.

எஞ்சின் கொட்டகை ஸ்டேஷனுக்கு மேற்கே ஒதுக்குத் தண்டவாளத்தின் மேல் தகரத்தால் போட்டது. எஞ்சினைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு மகாலட்சுமி என்ற பெண்ணுடையது. சின்னமனூர்க்காரி, முப்பத்தைந்து வயதிருக்கும், நீல உடுப்பு, முழங்கை வரைக்கும் கிரீஸ். இரண்டு கையையும் காட்டி, "ஒட்டிக்கிரும், கும்புடு மட்டும் போட்டுக்கறேன் சார்" என்று சிரித்தாள். பிறகு குனிந்து, "நீதான் மதன்குமாரா?" என்று கேட்டாள்.

யுவராணி அப்பாவைப் பார்த்தாள். அப்பா எஞ்சின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ம்" என்றாள் யுவராணி.

"ஒங் கேள்விய நாந்தான் தம்பி எடுத்தேன். நானூறு அட்ட வந்துச்சு. எல்லாரும் எவ்வளவு வேகமாப் போகும், எவ்வளவு கரி திங்கும்னு எழுதிருந்தாங்க. நீ ஒருத்தன்தான் இப்படிக் கேட்டுருந்த." சட்டைப் பைக்குள்ளிருந்து அட்டையை எடுத்து வாசித்துக் காட்டினாள். 'நெருப்பை அணைத்த பிறகு எஞ்சின் எத்தனை நேரம் சூடாக இருக்கும்?'

அண்ணனின் கையெழுத்து. எப்போதும்போலக் கடைசிச் சொல்லுக்கு இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தான்.

"ரெண்டு நாளு ஆகும்" என்று மகாலட்சுமி சொன்னாள். "நெருப்ப எடுத்துட்டாலும் தண்ணியும் இரும்பும் லேசுல விடாது. மூணாம் நாளு காலைல கை வச்சாக்கூட உள்ளுக்க வெதுவெதுன்னு இருக்கும். அதுக்கு மேலதான் பச்சத் தண்ணி."

அப்பா கைக்குட்டையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வெளியே போனார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தார். கரித்தூசி கண்ணில் விழுந்துவிட்டது என்றார். எஞ்சின் அப்போது எரியவே இல்லை, எந்தக் கரித்தூசி என்று யாரும் கேட்கவில்லை.

மகாலட்சுமி எல்லாவற்றையும் காட்டினாள். நீண்ட மூக்குள்ள எண்ணெய்க் குவளை, சக்கரத்துக்குச் சக்கரம் அதை ஊற்றுகிற துளைகள், பாய்லரில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாய், சக்கரம் வழுக்கினால் தண்டவாளத்தில் தூவுகிற மணல். பொதுமக்கள் நாளை பிளாட்பாரத்தில் நின்று புகையையும் சத்தத்தையும் பார்ப்பார்கள். இதையெல்லாம் பார்க்க மாட்டார்கள். டிரைவர் ஒச்சாண்டி உசிலம்பட்டிப் பக்கத்து ஆள், வாய் ஓயாது. திராட்சையை வாயில் போட்டுக்கொண்டே, "ஓடைப்பட்டி பழமா, அதான பாத்தேன்" என்று பெட்டியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். யுவராணி இரண்டு தரம் தன்னை மறந்து சிரித்தாள். சிரித்த பிறகு, அண்ணன் பார்க்க வேண்டியதைத் தான் பார்த்துச் சிரிக்கிறோமே என்று பயமாக இருந்தது.

கடைசியாக நெருப்பு அறை. டிரைவர் நிற்கும் இடத்தில் முன்பக்கம் ஒரு சிறிய இரும்புக் கதவு. அதைத் திறந்தால் உள்ளே ஒரு அறை. அதில்தான் கரி எரியும். வாரம் ஒரு முறை ஆள் உள்ளே நுழைந்து விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பார்த்து முடித்த பிறகுதான் மறுநாள் ஓட்டத்துக்கு நெருப்பு வைப்பார்கள்.

"உள்ள போய்ப் பாக்கறியா?" என்றாள் மகாலட்சுமி. "அதுக்கு முன்னாடி ஒரு காரியம் இருக்கு."

கதவுக்கு மேலே ஒரு கொக்கி இருந்தது. அவள் உள்ளங்கை அகலத்தில் ஒரு தகர வில்லையை எடுத்து, சாக்பீஸால் 'மதன்குமார்' என்று எழுதி யுவராணி கையில் கொடுத்தாள்.

"உள்ள போற ஆளு தம் பேரு போட்ட வில்லைய இங்கன தொங்கவிடணும். வெளிய வந்ததும் அவரே எடுக்கணும். வேற யாரும் தொடக்கூடாது. நான் தொடக்கூடாது, எனக்கு மேல இருக்குற ஆபீசரு வந்தாலும் தொடக்கூடாது. வில்ல தொங்குனா உள்ள ஆளு இருக்குன்னு அர்த்தம். அது தொங்குற வரைக்கும் நெருப்பு வைக்க மாட்டோம்."

"போன மாசம் நம்ம பிட்டரு விஜய்பாண்டி தொங்கவிட்டத மறந்துட்டு ஆண்டிபட்டிக்குக் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போயிட்டாரு" என்றார் ஒச்சாண்டி. "போனப் போட்டா, பாயசம் சாப்புட்டு வர்றேங்குறாரு. அந்தாளு கை கழுவிட்டு பஸ்ஸு ஏறி வர்ற வரைக்கும் நாங்க அம்புட்டுப் பேரும் கைய்யக் கட்டிக்கிட்டு உக்காந்துருக்கோம். எடுத்துப் போட்டா என்னன்னு ஒரு பய கேக்கலயே!"

யுவராணி வில்லையைக் கொக்கியில் மாட்டினாள். தலைக்கு ஒரு தொப்பி வைத்துவிட்டார்கள். டார்ச் கொடுத்தார்கள். கதவு பெரியவர்களுக்கு ஒடுக்கம், அவளுக்குச் சுலபமாக இருந்தது. முதலில் கால், பிறகு உடம்பு என்று உள்ளே இறங்கினாள்.

உள்ளே நிமிர்ந்து நிற்க முடிந்தது. காலடியில் இரும்புக் கம்பிகள். எதிரே சுவர் முழுக்கக் குழாய்களின் வாய்கள் வரிசை வரிசையாக இருந்தன. வெளியே ஒச்சாண்டி பேசுவது ரொம்பத் தூரத்தில் கேட்டது. குழாய்களுக்குக் கீழே வளைவாகக் கட்டியிருந்த செங்கல் மேல் அவள் கையை வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை எரிந்த நெருப்பு, எப்போதோ ஆறிவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தரம் கூட்டிப்போனபோதும் அவளை அண்ணன் இருந்த அறைக்குள் விடவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை என்று கீழே படிக்கட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். உள்ளே போன அண்ணன் எப்படி இருந்தான் என்று அவளுக்குத் தெரியாது. அவளாக நினைத்துக்கொண்ட அறை ஒன்று மனசில் இருந்தது. இருட்டாக, சின்னதாக, இரும்புக் கதவு போட்டதாக. டார்ச்சை அணைத்தாள்.

"அண்ணே" என்றாள். "நான் வந்துருக்கேன்."

கொஞ்சம் பொறுத்து, "முடி வளந்துருச்சு" என்றாள். அண்ணன் அங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பதாகவே அவளுக்குத் தோன்றியது. அவனுக்குப் பிடித்த இடம்தானே இது.

அவளை வெளியே தூக்கி எடுத்துத் தூசி தட்டிவிட்டார்கள். மகாலட்சுமி கொக்கியைக் காட்டினாள். "ம், இப்பப் பேரச் சொல்லிட்டு எடு. எடுத்தா நீயே நெருப்பு வைக்கலாம்."

யுவராணி கையை நீட்டினாள். வில்லைக்கு ஒரு சாண் முன்னால் கை நின்றது. பிறகு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எடு தம்பி."

அவள் எடுக்கவில்லை.

"வெக்கப்படுறாப்ல" என்றார் ஒச்சாண்டி.

"நான் எடுக்கக்கூடாது" என்றாள் யுவராணி. "அது எம்பேரு இல்ல. அண்ணன் பேரு."

ஒச்சாண்டி மெல்லுவதை நிறுத்தினார். மகாலட்சுமி அந்தப் பிள்ளையை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். காதில் தோட்டுக்கான துளை. அதில் வேப்பங்குச்சி.

"அப்ப மதன்குமாரு எங்கன?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை.

யுவராணிக்குப் பதில் தெரியும். சொல்லியிருக்கலாம். அது தான் சொல்ல வேண்டியது இல்லை என்று எப்படியோ அவளுக்குத் தெரிந்திருந்தது. நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"பையன்..." என்றார். "பையன் இறந்துட்டாங்க மேடம். சித்திரையில. இறந்துட்டான்."

இரண்டாம் தரம் சொன்னது யாருக்காகவும் இல்லை. சொல்லிப் பார்த்தார், அவ்வளவுதான். பிறகு மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். "பொய் சொல்லணும்னு வரலங்க, போன்ல கேட்டாக, எனக்கு வரமாட்டான்னு சொல்ல வாய் வரல..." என்று குழறினார். மகாலட்சுமி கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள்.

அந்த இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால், பரவாயில்லை விடுங்கள் என்று வில்லையை எடுத்து மேசையில் போட்டிருப்பார்கள். அது சாக்பீஸால் எழுதின விளையாட்டு வில்லைதானே. மகாலட்சுமி அதைத் தொடவில்லை. இதை யுவராணி சாகும்வரை மறக்க மாட்டாள்.

"ஆளு வரவே முடியாதுன்னு ஆகிப்போச்சுன்னா அதுக்கும் ஒரு மொற வச்சுருக்கோம் சார்" என்றாள் மகாலட்சுமி. "இதுவரைக்கும் செஞ்சதில்ல. பொறுப்புல இருக்குறவுக உள்ள எறங்கி நாலு மூலையும் பாக்கணும். அதுக்குப் பெறகு வாசல்ல நின்னு அந்த ஆளு பேரச் சொல்லி மூணு தரம் கூப்புடணும். பதில் இல்லேன்னா, கூப்புட்டவுகளே எடுத்துரலாம்."

"நான் கூப்புடவா?" என்றார் அப்பா.

மகாலட்சுமி தலையாட்டினாள். தன் பெயர் போட்ட வில்லையையும் கொக்கியில் மாட்டிவிட்டு, டார்ச்சை வாங்கிக்கொண்டு உள்ளே இறங்கினாள். ஒப்புக்குப் பார்த்துவிட்டு வரவில்லை. டார்ச் வெளிச்சம் ஒவ்வொரு மூலையாக நகர்ந்தது கதவு வழியே தெரிந்தது. வெளியே வந்து, தன் வில்லையை மட்டும் எடுத்துக்கொண்டு, "பாத்துட்டேன்" என்றாள். ஒச்சாண்டி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

அப்பா கதவின் முன்னால் மண்டியிட்டார். உள்ளே தலையை நீட்டினார்.

"மதன்குமார்" என்றார். ஆபீசில் கூப்பிடுவதுபோல மெதுவாக வந்தது. இரும்பு அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. அவர் காத்திருந்தார்.

"மதன்குமார்."

யுவராணியும் காத்திருந்தாள். இப்போது வரலாம், அண்ணன் சட்டையெல்லாம் கரியாக்கிக்கொண்டு வந்து நிற்கலாம், அம்மா திட்டுவாள் என்று ஒரு கணம் உண்மையாகவே நினைத்தாள். ஒன்பது வயதுதானே.

மூன்றாவது தரம் அப்பா முழுப் பெயரைச் சொல்லவில்லை. பந்தலுக்குள்ளிருந்து கூப்பிடுவாரே, அந்தக் குரல். "மதனூ..." என்று நீட்டிக் கூப்பிட்டார். கொட்டகைக்கு வெளியே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அழைப்பு பாதியில் நின்றது. வழக்கமாக அதன் பின்னால் வரும் இன்னொரு பெயர் வரவில்லை. உள்ளேயிருந்தும் ஒன்றும் வரவில்லை.

"பதில் இல்ல" என்றார் அப்பா.

எழுந்து வில்லையைக் கொக்கியிலிருந்து எடுத்தார். எழுத்தை அழித்துவிட்டுத் தர வேண்டும் என்று மகாலட்சுமி ஒரு துணியை நீட்டினாள். அவர் துணியை வாங்கவில்லை. உள்ளங்கையால் துடைத்தார், ஒவ்வோர் எழுத்தாக.

அதற்குப் பிறகுதான் நெருப்பு. ஒச்சாண்டி உள்ளே விறகை அடுக்கினார். மகாலட்சுமி எண்ணெயில் தோய்த்த பஞ்சுக் கழிவை ஒரு நீண்ட கம்பியில் சுற்றி, "பாப்பா பேரு என்ன?" என்று கேட்டாள்.

"யுவராணி."

"வா யுவராணி."

கம்பியை இருவரும் சேர்ந்து பிடித்தார்கள். உள்ளே அடுக்கியிருந்த விறகு மெல்லப் பற்றியது. பிறகு குபீரென்று வெளிச்சம் வந்து அந்த நாலு மூலையும் தெரிந்தன. யாரும் இல்லை. அப்பா கொட்டகை வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தார். மறைக்கவில்லை, கரித்தூசி என்று சொல்லவும் இல்லை. ஒச்சாண்டி அவர் பக்கத்தில் போய் நின்றார். கையிலிருந்த துண்டை அவரிடம் நீட்டினார்.

திரும்பும் பஸ்ஸில் வீரபாண்டி தாண்டும்வரை யுவராணி பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் அழுதுக்கிட்டுத்தான் முடி குடுத்தேன். அண்ணன் முடிய எடுங்கன்னு சொன்னேன். அதாம்ப்பா சாமி அண்ணன எடுத்துக்கிருச்சு."

அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவர் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. நாலு மாதமாக இந்தப் பிள்ளை இதைச் சுமந்துகொண்டு தன் பின்னாலேயே பழம் பொறுக்கிக்கொண்டு நடந்திருக்கிறது. தான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏத்தா" என்றார். "ஒரு நாளு நீ அழுதது சாமிக்குக் கேட்டுச்சுன்னா, ஒம்போது நாளு நானும் ஒங்கம்மாவும் அழுதது கேட்டுருக்காதா?"

யுவராணி இதை யோசித்தாள். சரியாகத்தான் பட்டது. இருந்தாலும் உடனே ஒன்றும் இலேசாகிவிடவில்லை. அப்பா அவள் தலையில் கையை வைத்தார். அந்தக் கட்டை முடிக்குள் விரலை விட்டுக்கொண்டு சின்னமனூர் வரைக்கும் எடுக்கவில்லை. ஆனால் அப்போதும் ஆத்தா என்றுதான் கூப்பிட்டார்.

சின்னமனூரில் பஸ் மாறும்போதுதான் துணிப்பை ஞாபகம் வந்தது. கவுனோடு சேர்த்துக் கொட்டகை பெஞ்சிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார்கள். யுவராணி இன்னும் நீலக் கட்டம் போட்ட சட்டையில் நின்றுகொண்டிருந்தாள்.

"பரவால்ல. அம்மா தோட்டத்துல இருப்பா. வெரசாப் போயி மாத்திரு" என்றார் அப்பா.

அம்மா தோட்டத்தில் இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஓடைப்பட்டியில் தண்ணீர் விடுகிற நேரம். அவர்கள் தெருமுனை திரும்பியபோது, அந்தக் கோடியில் நாகஜோதி குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள். பேச்சுக்குரல் கேட்டுத் திரும்பினாள்.

மேற்கு வெயில் அவர்களுக்குப் பின்னால் இருந்தது. முகம் தெரிந்திருக்காது. புருஷன் பக்கத்தில் கட்டம் போட்ட சட்டையும் ஒட்ட வெட்டிய தலையுமாக ஒரு பிள்ளை நடந்து வருவது மட்டும் தெரிந்திருக்கும். குடம் நிறைந்து வழிந்தது. அவள் அதைத் தாண்டி இரண்டு எட்டு எடுத்து வைத்தாள். மூன்றாவது எட்டில் ஓட ஆரம்பித்தாள். நாலு மாதமாக ஒரு வேலையும் வேகமாகச் செய்யாதவள். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை யுவராணி பார்த்தாள். அது தனக்கு வந்தது இல்லை என்றும் அவளுக்குத் தெரிந்தது. அம்மாவின் வாய் திறந்தது. என்ன பெயர் வரப்போகிறது என்று அப்பாவுக்கும் தெரிந்தது. அந்தப் பெயரைச் சொல்லி அவள் கூப்பிட்டுவிட்டால், பதில் வராது. பதில் வராமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அன்று காலையில்தான் அவர் மண்டியிட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்.

பிள்ளை பக்கத்திலேயே நிற்கிறது. அவர் தோட்டத்துக் கோடியிலிருந்து கூப்பிடுவதுபோலத் தெரு முழுக்கக் கேட்கக் கத்தினார்.

"ராணீ..! ஏ ராணீ..!"

நாகஜோதி அப்படியே நின்றாள்.

யுவராணி நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும் அல்லவா. அம்மாவுக்குக் கேட்கும்படி, தன்னால் முடிந்த அளவுக்குச் சத்தமாகச் சொன்னாள்.

"இந்தா இருக்கேம்ப்பா!"

அம்மாவின் முகத்திலிருந்து அந்தச் சந்தோஷம் போவதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அம்மா மெதுவாக நடந்து வந்தாள். சட்டை என்ன, எங்கே போனீர்கள் என்று ஒன்றும் கேட்கவில்லை. கீழே உட்கார்ந்து, அந்தச் சட்டையைக் கழற்றுவதற்காக மேல் பொத்தானில் கை வைத்தாள். ஒரு பொத்தானை அவிழ்த்தாள். கழுத்தோரத்தில் கரி படிந்திருந்தது. முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு, அவிழ்த்த பொத்தானைத் திரும்பவும் போட்டுவிட்டாள்.

"வா ராணி" என்றாள். "கொடம் வழியுது."